வராத செய்தியும் இல்லாத செய்தியும்

1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுச் சாவி முறையை முன்வைத்தபோது, யாருடைய சாவி எது என்று சொல்ல ஒரு பொதுப் பதிவேடு இருக்கும் என்று எண்ணினார்கள். ஒருவருக்கு மறையாக்கம் செய்து கடிதம் எழுத வேண்டுமென்றால் பதிவேட்டைக் கேட்டு அவருடைய பொதுச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் எல்லோரும் அந்த ஒரே வாசலில் போய் நிற்க வேண்டியிருக்குமே என்ற கவலையில் இரண்டு ஆண்டு கழித்து வேறு வழி சொன்னவர் லோரன் கோன்ஃபெல்டர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேட்டின் யோசனை எளிமையானது. பெயரையும் சாவியையும் சேர்த்துப் பதிவேட்டுக்காரர் ஒரு முறை கையொப்பமிட்டுக் கொடுத்துவிடட்டும். அந்தச் சான்றிதழை உரியவரே வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் காட்டட்டும். இன்றைய இணையம் இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் பதிவேடு தரும் பதில் கேட்ட அந்த நேரத்துக்கு உரியது. சான்றிதழோ என்றோ ஒரு நாள் சொல்லிவைத்த பதில். இடையில் சாவி திருடு போயிருந்தால் சான்றிதழுக்கு அது தெரிய வழியில்லை. பதிவேட்டு வாசலில் நிற்பதிலிருந்து கிடைத்த விடுதலையும் சாவியை ரத்து செய்யும் தொல்லையும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை.

நடுவில் யாரும் இல்லாமல் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியர் வலையமைப்பில் இந்தத் தொல்லை வேறொரு அளவுக்குப் போய்விடுகிறது. அங்கே பதிவேட்டுக்காரரே கிடையாது. கணு எனப்படும் ஒவ்வொரு கணினிக்கும் தெரிந்ததெல்லாம் அதன் அண்டைக் கணுக்கள் சொன்னவைதான். அந்த அண்டைகளில் யார் நல்லவர், யார் திருடனின் ஆள் என்பதும் அதற்குத் தெரியாது. இந்த நிலையில் ‘இந்தச் சாவியை இனி நம்பாதீர்கள்’ என்ற செய்தியை எல்லோருக்கும் எப்படிச் சேர்ப்பது? இத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கே செலவாகியிருக்கிறது. கேள்வியே தவறான முனையில் தொடங்குகிறது என்பது என் வாதம். சாவு அறிவிப்பைப் பரப்பும் முறைகளை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும், அறிவிப்பு வந்து சேராதவனிடம் அவை தோற்கின்றன. திருடன் குறிவைப்பதும் அவனைத்தான். சாவி செத்துவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பை உரிமையாளர் தலையில் சுமத்துவதை விட்டு, அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று அடிக்கடி நிரூபிக்கும் பொறுப்பை அதைப் பயன்படுத்துபவரிடம் மாற்றுவதே நடுவமற்ற வலையமைப்பில் கணக்கு ஒத்துவரும் வழி.

ரத்து என்று ஒரே பெயரில் நாம் சொல்வதற்குள் வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. பழைய சாவியை விட்டுப் புதியதற்கு மாறுவது ஒன்று. சாவி தொலைந்துபோவது இன்னொன்று. அதை யாரும் எடுத்துவிடவில்லை, உரியவராலும் இனிப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். திருடு போவது முற்றிலும் வேறு கதை. மின்னஞ்சல் மறையாக்கத்துக்கான ஓப்பன்பிஜிபி தரநிலை ரத்துச் சான்றில் காரணத்தையும் குறிக்கச் சொல்வது இதனால்தான். ஓய்வு பெற்ற சாவி என்றால் அது முன்பு போட்ட கையொப்பங்கள் செல்லும். பறிபோன சாவி என்றால் எந்தக் கையொப்பமும் செல்லாது, திருட்டுக்கு முன்பு போட்டவைகூட. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கையொப்பத்தில் உள்ள தேதியை எழுதுவது கையொப்பமிடுபவர்தான்; திருடனும் போன வருடத்துத் தேதியைப் போட்டுக் கையொப்பமிடுவான். எது முந்தியது, எது பிந்தியது என்பதைச் சாவிக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்றுதான் சொல்ல முடியும். நடுவம் இல்லாத இடத்தில் அரிதாகக் கிடைக்கும் பொருள் அதுதான்.

சிக்கலின் முடிச்சைப் பார்க்க ஃப்ரீநெட்டைவிட நல்ல இடம் இல்லை. எடின்பரோவில் மாணவராக இருந்த இயன் கிளார்க் 1999இல் வகுத்த வடிவமைப்பிலிருந்து வளர்ந்து, 2023 முதல் ஹைஃபாநெட் என்ற பெயரில் தொடரும் வலையமைப்பு இது. தணிக்கைக்கு அகப்படாமல் தரவைக் கணுக்களிடையே சிதறி வைப்பது அதன் நோக்கம். மென்பொருளின் புதிய பதிப்புகளும் அந்த வலையமைப்பின் வழியாகவே, நிரலாளர்களின் சாவியால் கையொப்பமிடப்பட்டு வருகின்றன. அந்தச் சாவி எதிரியின் கையில் சிக்கினால் எல்லாக் கணுக்களிலும் அவன் வைத்ததே சட்டம். ஆகவே ரத்துக்கென்றே தனிச் சாவி ஒன்றை வைத்து, அதற்குரிய முகவரியையும் மென்பொருளிலேயே பதித்திருக்கிறார்கள். அந்த முகவரியில் ஏதாவது வெளியிடப்பட்டிருந்தால் தானியங்கிப் புதுப்பித்தல் நின்றுவிடும். அதனால் ஒரு கணு புதிய பதிப்பை நிறுவுவதற்கு முன் அந்த முகவரியைப் பல முறை தேடிப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் ‘கிடைக்கவில்லை’ என்ற பதில் வந்தால்தான் மேலே போகிறது.

சிந்தித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்தக் ‘கிடைக்கவில்லை’ எதைச் சொல்கிறது? சிதறிக் கிடக்கும் சேமிப்பில் ஒரு தேடல் சில கணுக்களைக் கடந்து போய் வெறுங்கையோடு திரும்பினால், பொருள் இல்லை என்றும் இருக்கலாம், தேடல் அது இருந்த இடத்தை எட்டவில்லை என்றும் இருக்கலாம், எட்டிய கணு மறைத்துவிட்டது என்றும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே முகம். இருக்கும் பொருளுக்குக் கையொப்பம் சான்று. இல்லாத பொருளுக்கு யார் கையொப்பமிடுவது? ஃப்ரீநெட் வடிவமைப்பாளர்கள் இதை உணர்ந்தே இரண்டாவது வழி ஒன்றையும் வைத்தார்கள். ரத்துச் சான்றைப் பெற்ற கணு அதைத் தன் அண்டைக் கணுக்களுக்கு நேரடியாகச் சொல்லும். அவை தேடலின் துணையின்றியே அந்தச் சான்றை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். இது அணையைப் பலப்படுத்துகிறது, உண்மை. ஆனால் சுற்றிலும் எதிரியின் ஆட்களே அண்டைகளாக அமைந்துவிட்ட கணுவுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அப்படிச் சூழ்ந்துகொள்வது கற்பனையான ஆபத்தும் அல்ல. பிட்காயின் கணுக்களின் எல்லா இணைப்புகளையும் தாக்குபவர் கைப்பற்ற முடியும் என்று 2015இல் ஒரு ஆய்வுக்குழு செய்துகாட்டியது.

பரப்புவதையே முழுமுதல் கொள்கையாக வைத்தவர்கள் பிஜிபியின் சாவி சர்வர்களை நடத்தியவர்கள். ஃபில் சிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி, சான்று வழங்கும் நிறுவனங்கள் இல்லாமல் பயனர்கள் ஒருவர் சாவிக்கு ஒருவர் கையொப்பமிட்டு நம்பிக்கை வலை பின்னிக்கொள்வதை முன்வைத்தது. அதற்கு வாய்த்த எஸ்கேஎஸ் சர்வர்கள் உலகெங்கும் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டு, தமக்குள் தகவலைச் சமன் செய்துகொண்டன. ஒரு சர்வரில் சேர்த்தது எல்லாவற்றிலும் சேரும். எதையும் எவராலும் நீக்க முடியாது. நீக்க முடியாமை இங்கே குறையாகத் தோன்றினாலும் ரத்துக்கு அது இன்றியமையாதது. நீக்க முடியுமானால் ஓர் அரசோ திருடனோ ஒரு ரத்துச் சான்றை நீக்கச் செய்து, செத்த சாவியை எழுப்பி உட்காரவைத்துவிடலாம். சேர்க்க மட்டுமே முடிகிற கிடங்கில் அது நடக்காது.

அந்தக் குணமே அதைக் கொன்றது. எவரும் எதையும் சேர்க்கலாம் என்றால் குப்பையையும் சேர்க்கலாம். 2019 ஜூனில் ராபர்ட் ஹான்சன், டேனியல் கான் கில்மோர் என்ற ஓப்பன்பிஜிபி சமூகத்தின் இரு முக்கியப் பங்களிப்பாளர்களுடைய சாவிகளின் மேல் யாரோ பொய்க் கையொப்பங்களை ஆயிரக்கணக்கில் கொட்டினார்கள். அந்தச் சாவிகளைத் தரவிறக்கிய மென்பொருள்கள் திணறி முடங்கின. நீக்க வழியில்லாததால் கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. அடுத்த மாதமே அந்த மென்பொருள்களில் ஒன்றான ஜிஎன்யுபிஜி, சர்வர்களிலிருந்து வரும் பிறர் கையொப்பங்களை இயல்பாகவே புறக்கணிக்கத் தொடங்கியது. அதாவது நம்பிக்கை வலையைத் தானே அறுத்துக்கொண்டது. தனிநபர் தரவை நீக்கக் கோரும் ஐரோப்பியச் சட்டமும் ஒருபுறம் நெருக்க, 2021இல் எஸ்கேஎஸ் தொகுதி மூடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் சர்வர் பெயரையும் முகவரியையும் உரியவர் ஒப்புதலின்றி வெளியிடுவதில்லை; சாவியையும் அதன் ரத்துச் சான்றையும் தடையின்றித் தருகிறது. சரியான பிரிவினை. ஆனால் பெயரே இல்லாத சாவியைச் செல்லாத சாவியாகக் கருதி ஜிஎன்யுபிஜி ஏற்க மறுத்தது. சாவியோடு சேர்ந்து ரத்துச் செய்தியும் வாசலிலேயே திரும்பியது. செய்தி புறப்பட்டது, வழியில் யாரும் மறிக்கவில்லை, சேரவேண்டியவரின் வீட்டுக் கதவுதான் திறக்கவில்லை.

இவையெல்லாம் நடுவம் இல்லாததால் வந்த வினை, நடுவம் இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடுவங்களின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இணையதளங்களின் சான்றிதழ்களுக்கு வழங்குநர்கள் உண்டு, ரத்துப் பட்டியல்கள் உண்டு, ஒவ்வொரு சான்றிதழின் நிலையையும் உடனுக்குடன் கேட்டறிய 1999இலேயே தரநிலையான நெறிமுறையும் உண்டு. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? தளத்தைத் திறக்க மறுத்தால் வழங்குநரின் சர்வர் படுக்கும்போதெல்லாம் பாதி இணையம் படுத்துவிடும். எனவே பதில் வராவிட்டால் பரவாயில்லை என்று உலாவிகள் நடந்துகொண்டன. தாக்குபவன் போலித் தளத்தைக் காட்டுமளவுக்கு இணைப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் அந்தக் கேள்வியை மறிப்பதும் அவனுக்குக் கைவந்ததே. ஆக, தேவைப்படாத நாளெல்லாம் வேலை செய்து, தேவைப்படும் நாளில் மட்டும் கைவிடும் பாதுகாப்பு. இதைச் சொல்லித்தான் 2012இல் குரோம் அந்தச் சோதனையை இயல்பாகச் செய்வதைக் கைவிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த டிஜிநோட்டார் சம்பவம் இன்னும் கூர்மையான சான்று. நெதர்லாந்தைச் சேர்ந்த அந்தச் சான்றிதழ் வழங்குநரின் கணினிகளுக்குள் நுழைந்த ஒருவர் ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார். கூகுள் பெயரில் உருவாக்கிய ஒன்று ஈரானின் பயனர்கள் மேல் பயன்பட்டது. தன் பெயரில் என்னென்ன சான்றிதழ்கள் வெளியே உலவுகின்றன என்பதே நிறுவனத்துக்கு முழுமையாகத் தெரியவில்லை. தெரியாததை எப்படி ரத்து செய்வது? 2011 செப்டம்பர் தொடக்கத்தில் நிலையறியும் சர்வரின் நடத்தையைத் தலைகீழாக்கினார்கள். ரத்துப் பட்டியலில் இல்லாததெல்லாம் நல்லது என்ற பழைய நெறி போய், தாம் வழங்கியதாக அறிந்தவை மட்டுமே நல்லவை, மற்றதெல்லாம் ரத்து என்று பதில் வந்தது. நெருக்கடி முற்றியபோது நடுவமே சாவுப் பட்டியலைக் கைவிட்டு உயிர்ப் பட்டியலுக்கு மாறியது.

ரான் ரிவெஸ்ட் இதே திசையைக் கோட்பாடாக 1998இலேயே எழுதிவிட்டார். ஆர்எஸ்ஏ முறையின் மூவரில் ஒருவர் அவர். ரத்துப் பட்டியல்களை ஒழிக்க முடியுமா என்று கேட்ட அந்தச் சிறு கட்டுரையின் மையக் கருத்து, சான்று எவ்வளவு புதிதாக இருக்க வேண்டும் என்பதை அதை ஏற்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஏனென்றால் ஏமாந்தால் நட்டம் அவருக்கே. புதிய சான்றைக் கொண்டுவந்து காட்டுவது சாவிக்காரர் பொறுப்பு. அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் வாழ்வுச் சான்றிதழ் கேட்கிறதே, அதே தர்க்கம்தான். இறந்தவர் வீட்டிலிருந்து தகவல் வரும் என்று கருவூலம் காத்திருந்தால் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். தகவல் வராமலிருப்பதில் ஆதாயம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். உயிரோடிருப்பவர் வந்து தலையைக் காட்டட்டும் என்றால் மௌனத்தின் பொருளே மாறிவிடுகிறது. முன்பு மௌனம் திருடனுக்குச் சாதகம், இப்போது அவனுக்குப் பாதகம். முன்பு அவன் ஒரு செய்தியைத் தடுத்தால் போதும், இப்போது தன்னால் எழுத முடியாத ஒன்றை எழுதிக் காட்ட வேண்டும். அண்டைகளெல்லாம் எதிரிகளாகிவிட்ட கணுகூட இந்த முறையில் ஏமாறுவதில்லை. அதிகபட்சம், நல்ல சாவிகளையும் ஏற்காமல் முடங்கிக் கிடக்கும்.

சான்றிதழ் உலகம் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் 2025இல் நிலையறியும் சேவையை நிறுத்தியது. ஆறே நாள் உயிருள்ள சான்றிதழ்களையும் அதே ஆண்டு வழங்கத் தொடங்கியது. 2029 மார்ச்சுக்குள் இணையதளச் சான்றிதழ் எதுவும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று உலாவி நிறுவனங்களும் வழங்குநர்களும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். காலாவதி இல்லாத சாவிகள் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் விவகாரம் இருக்கிறது. 2006இல் அந்த லினக்ஸ் வழங்கலின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் செய்த ஒரு மாற்றத்தால், சாவி உருவாக்கும்போது எஞ்சிய தற்செயல் தன்மை செயல்முறை எண் மட்டும்தான். ஒரு வகைக்கு 32,767 சாவிகளே சாத்தியம். 2008 மே மாதம் குறை வெளிப்பட்டதும், கெட்ட சாவிகளின் பட்டியலையே டெபியன் மென்பொருளோடு அனுப்பியது. எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் அது முடிந்தது. அப்படியும் 2015இல் கிட்ஹப் பயனர்களின் எஸ்எஸ்எச் சாவிகளை ஒருவர் திரட்டிப் பார்த்தபோது அந்தக் கெட்ட சாவிகளில் சில இன்னும் நடமாடிக்கொண்டிருந்தன. ஏழு ஆண்டு. எஸ்எஸ்எச் சாவிக்குக் காலாவதித் தேதி கிடையாது. யாராவது வந்து கொல்லும்வரை அது வாழும்.

வழங்குநரே இல்லாத வலையமைப்பில் உயிர்ச் சான்றை யார் தருவது என்ற மறுப்பு உடனே எழும். உரிமையாளரே தரலாம். ஆனால் அன்றாடம் பயன்படும் சாவியால் தந்தால் திருடனும் தருவான். இதற்குச் சாவியை இரண்டாகப் பிரிப்பது பழகிய வழி: வலையமைப்பைத் தொடாத இடத்தில் வைத்த முதன்மைச் சாவி, அது குறுகிய காலத்துக்குக் கையொப்பமிட்டுத் தரும் துணைச் சாவி. திருடு போவது பெரும்பாலும் தினமும் புழங்கும் துணைச் சாவிதான். அது தவணை முடிந்ததும் தானாகச் சாகும், யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. முதன்மைச் சாவியே போய்விட்டால்? சாமுவேல் ஸ்மித் வகுத்த கெரி என்ற முறை இதற்கு ஓர் அழகான விடை வைத்திருக்கிறது. இன்றைய சாவியை வெளியிடும்போதே நாளைய சாவியை வெளிக்காட்டாத அதன் கைரேகையான ஹாஷையும் சேர்த்து வெளியிட்டுவிட வேண்டும். மாற்றம் செல்லுபடியாக அந்த ஹாஷுக்குப் பொருந்தும் சாவியே வர வேண்டும். இன்றைய சாவியைத் திருடியவனிடம் நாளையது இல்லை. அது இன்னும் வெளியே தலைகாட்டாததால் எங்கிருந்து திருடுவதென்றும் அவனுக்குத் தெரியாது. இதிலும் நெருக்கடிக்கு முன்பே செய்துவைத்ததுதான் காப்பாற்றுகிறது. சாவி போன பிறகு தன் அடையாளத்தை நிரூபிக்க உரியவரிடம் இருப்பது சாவிதான், அதுவோ இப்போது திருடனிடமும் இருக்கிறது. ஜிஎன்யுபிஜி 2.1 பதிப்பு முதல், சாவி உருவாகும்போதே ரத்துச் சான்றையும் கேட்காமலே எழுதிவைப்பது இதை உணர்ந்த செயல். நாஸ்டர் போன்ற புதிய வலையமைப்புகள் சாவியையே ஆளாக வைத்து, மாற்றவோ ரத்து செய்யவோ நடைமுறைக்கு வந்த வழியே இல்லாமல் தொடங்கியிருப்பது எளிமையின் பெயரால் கடனை எதிர்காலத்துக்குத் தள்ளுவதாகவே எனக்குப் படுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு பிளாக்செயின்காரர்களிடமிருந்து வரும். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வரிசையில் நிகழ்வுகளைப் பதிய முடிகிறதே, ரத்தையும் அதில் பதிந்துவிட்டால் தீர்ந்தது. முழுப் பேரேட்டையும் வைத்திருப்பவருக்கு இல்லாமையும் நிரூபணம்தானே. பாதி சரி. எது முந்தியது என்ற கேள்விக்குப் பேரேடு உண்மையாகவே விடை தருகிறது. திருடன் முன்தேதியிடுவதைத் தடுக்க அதைவிட நல்ல கருவி குறைவு. ஆனால் பேரேட்டின் நுனியில் நிற்கிறேன் என்று ஒரு கணு எப்படி அறியும்? சூழப்பட்ட கணுவுக்குப் பழைய நுனியைக் காட்டி நிறுத்திவைக்க முடியும். புதிய பிளாக்குகள் உரிய வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் அது சந்தேகப்பட முடியும். கவனித்தால் அதுவும் உயிர்ச் சான்றே: உழைப்பைச் செலவிட்டு உருவாக்கிய, போலி செய்ய விலை அதிகமான நாடித்துடிப்பு.

பிட்காயின் தன் சொந்தச் சாவி ஒன்றை ரத்து செய்த கதை இங்கே படிக்கத் தக்கது. 2010 ஆகஸ்ட் 15இல் ஒரு பிழையால் 18,400 கோடி நாணயங்கள் வெறுமனே உருவானதைத் தொடர்ந்து, பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோ எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார். ஒரு சாவியால் கையொப்பமிட்ட எச்சரிக்கை கணுவிலிருந்து கணுவுக்குப் பரவி எல்லோர் திரையிலும் தோன்றும். நடுவமற்ற வலையமைப்பில் ஒரு சாவிக்கு இத்தனை குரல் இருப்பது பொருந்தாது என்பதும், சிலர் கைகளில் இருந்த அது யாரிடமெல்லாம் போய்ச் சேர்ந்ததோ என்பதும் கவலையாகி, 2016இல் அதை ஓய்வுபெறச் செய்ய முடிவானது. அதற்கு அவர்கள் பேரேட்டை நாடவில்லை. எச்சரிக்கைகளுக்கு வரிசை எண் உண்டு; சாத்தியமான மிகப் பெரிய எண்ணைக் கொண்ட எச்சரிக்கை மற்ற எல்லாவற்றையும் மீறும். அந்த எண்ணில் வரும் செய்தியின் வாசகம் சாவி பறிபோயிற்று என்ற ஒன்றாக மட்டுமே இருக்க முடியும் என்று மென்பொருளில் முன்பே எழுதியிருந்தது. திருடனே அதை அனுப்பினாலும் அவனால் சாவியைக் கொல்லத்தான் முடியும், வேறெதுவும் செய்ய முடியாது. 2017 தொடக்கத்தில் அந்தக் கடைசி எச்சரிக்கை அனுப்பப்பட்டது. மார்ச்சில் வந்த 0.14 பதிப்பு, பழைய கணு எதையாவது சந்தித்தால் அந்த எச்சரிக்கையைத் தானே அதன் கையில் கொடுத்தது. 2018 ஜூலையில் அந்த இரகசியச் சாவியே பகிரங்கமாக வெளியிடப்பட்டது. இனி அதைத் திருடுவதில் பொருளில்லை.

நேர்த்தியான இறுதிச் சடங்கு. ஆனாலும் சாவியை வெளியிட்டபோது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று கவனிக்க வேண்டியது. சோதனைகள் தவறான வரிசையில் எழுதப்பட்டிருந்ததால், பழைய பதிப்புகளில் சாதாரண எச்சரிக்கை ஒன்று இறுதி எச்சரிக்கையைத் தடுத்துவிட முடிந்தது. எல்லாவற்றையும் மீறும் என்று வடிவமைத்ததையே முந்திக்கொண்டு வந்த ஒரு செய்தி மறிக்கக்கூடும். நன்கு ஆய்ந்து எழுதிய நிரலிலும் சாவு அறிவிப்பு இவ்வளவு நொய்ந்தது. அந்தச் சாவிக்கு முதலிலேயே ஒரு காலாவதித் தேதி இருந்திருந்தால் சடங்கே தேவைப்பட்டிருக்காது.

ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதும் விவாதத்துக்குரியது. உரியவர் மட்டும் என்றால், திருடனோடு கூட்டுச் சேர்ந்த உரியவரை என்ன செய்வது? உணரிகளின் வலையமைப்புகளை ஆராய்ந்தவர்கள் அண்டைகள் வாக்களித்து ஒரு கணுவை வெளியேற்றும் முறைகளை வகுத்தார்கள். 2002இல் ஜான் டவ்சர் காட்டியபடி, அடையாளத்துக்கு விலையில்லாத இடத்தில் ஒருவரே ஆயிரம் பேராக நின்று வாக்களிக்கலாம். 2006இல் ஜோலியன் க்ளூலோவும் டைலர் மூரும் வாக்கெடுப்புக்குப் பதில் ஒரு வினோதமான மாற்றை முன்வைத்தார்கள்: எந்தக் கணுவும் இன்னொன்றைத் தனியாகவே வெளியேற்றலாம், ஆனால் குற்றம் சாட்டிய அதே செய்தியில் தானும் சாக வேண்டும். பொய்க் குற்றச்சாட்டுக்கு இதைவிடக் கடுமையான கட்டணம் கிடையாது. அடையாளம் இலவசமாகக் கிடைக்கும் திறந்த வலையமைப்பில் தற்கொலையும் இலவசம் என்பதால், கணுக்களை எண்ணி வழங்கும் மூடிய வலையமைப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பது என் கணிப்பு. திறந்த இடத்தில் அடுத்தவர் சாவியைக் கொல்லும் அதிகாரம் எவருக்கும் வேண்டாம். அவரவர் சாவியை அவரவர் கொல்லலாம், கொன்றதை எழுப்ப முடியாது, அது போதும்.

தொடர்ந்து இணைப்பில் இல்லாதவர்களுக்கு உயிர்ச் சான்று முறை அநீதி இழைக்கிறது என்ற மறுப்பை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். கடலில் பாய்மரப் படகில் வாழ்ந்த டொமினிக் டார் உருவாக்கிய ஸ்கட்டில்பட், வாரக்கணக்கில் இணைப்பின்றி இருந்து, கரையேறும்போது செய்திகளைப் பரிமாறிக்கொள்பவர்களுக்கானது. அவர்களிடம் நேற்றைய சான்றைக் கேட்டால் வலையமைப்பே நின்றுபோகும். ரிவெஸ்டின் விதி இங்கே உதவுகிறது: எவ்வளவு பழைய சான்று போதும் என்பதை ஏற்பவர் தீர்மானிக்கட்டும். நண்பர் அனுப்பிய புகைப்படத்துக்கு மூன்று மாதச் சான்று தாராளம். மென்பொருள் புதுப்பித்தலை நிறுவுவதற்கு மூன்று நாள் என்றாலும் நான் தயங்குவேன். இடைப்பட்ட காலத்து நட்டம் யாருடையது என்ற கேள்வியைச் சட்டமும் எதிர்கொண்டிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 208ஆம் பிரிவில், முகவரின் அதிகாரம் முடிவுக்கு வருவது மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அவர்களுக்கு அது தெரியவந்த பிறகே செல்லும் என்கிறது. சொல்லி அனுப்பும் பாரம் அதிகாரம் கொடுத்தவருக்கு. வரம்பில்லாத அதிகாரப் பத்திரம் கொடுத்தவர் அந்தப் பாரத்தையும் வரம்பில்லாமல் சுமக்கிறார். தவணை குறித்துக் கொடுத்தவருக்குச் சுமையும் தவணையோடு முடிகிறது.

கடைசியாகக் கடிகாரம். காலாவதியை நம்பும் முறை நேரத்தை நம்புகிறது. நடுவமற்ற வலையமைப்பில் நேரத்தையும் யாரோ சொல்லித்தான் கணு அறிகிறது. கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் செத்த சாவிக்கு உயிர் வரும். இணையத்தில் நேரம் பரிமாறும் நெறிமுறைக்கு முறையான மறையாக்கப் பாதுகாப்பு தரநிலையாக வந்ததே 2020இல்தான்; பரவலாகப் புழங்குவது இன்னும் பழையதே. இருந்தாலும் இரண்டு ஆபத்துகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. கணுவின் உள்ளே ஓடும் கடிகாரம் மெல்லத்தான் வழிதவறும். வெளியிலிருந்து வரும் திருத்தத்துக்கு எல்லை வைக்கலாம். பிட்காயின் மென்பொருள் நீண்ட காலம் அண்டைகள் சொல்லும் நேரத்தை 70 நிமிடத்துக்கு மேல் ஏற்காமல் இருந்தது. தான் கடைசியாகக் கண்ட சான்றின் தேதிக்கு முன்னால் போக மறுக்கும்படியும் ஒரு கணுவை எழுதலாம். இந்தக் காவல்கள் இருக்கும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் ஏமாந்தால் திருடனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். வழியில் மறிக்கப்பட்ட ரத்துச் செய்தி அவனுக்குக் கொடுக்கும் காலத்துக்கு டெபியன் சாவிகளின் ஏழு ஆண்டுகூட உச்சவரம்பு அல்ல.